போயாவிலும் பூட்டாத கடை

தம்பி,

நீ சுகமா என்று கேட்டு இதைத் தொடங்கப்போவதில்லை. கேட்க வேண்டிய தேவை இல்லை. நான் காலையில் பல் விளக்கும்போதும் உன் பெயருக்குப் பக்கத்தில் அந்தப் பச்சைப் புள்ளி எரிகிறது, மத்தியானம் தனியாக உட்கார்ந்து சோற்றைப் பிசையும்போதும் எரிகிறது. மகன் உயிரோடு இருக்கிறான் என்று தெரிந்துகொள்ள ஒரு தகப்பனுக்கு இது போதும் என்று இந்தக் காலம் தீர்மானித்துவிட்டது. உனக்கு எழுதுவதை ஏன் பத்திரிகையில் போட்டு ஊர் சிரிக்க வைக்கிறேன் என்று நீ கோபப்படுவாய். காரணம் சொல்கிறேன். இதையே வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தால் இரண்டு நீலக் கோடு விழுந்திருக்கும், அதற்குக் கீழே ஒரு கட்டைவிரல் வந்திருக்கும், அதோடு என் கதை முடிந்திருக்கும். பத்திரிகையில் வந்தால் உன்னுடைய சினேகிதன் எவனாவது இதைப் படம் பிடித்து, "மச்சான், இது உன்ர அப்பாவோ?" என்று உனக்கு அனுப்புவான். அப்போதுதான் நீ முழுவதையும் படிப்பாய். உன் வீட்டு வாசலுக்கு வருவதற்கு நான் இப்படி ஊரைச் சுற்றி வர வேண்டியிருக்கிறது. உன் கல்கிசையிலிருந்து என் வெள்ளவத்தைக்கு பஸ்ஸில் எவ்வளவு தூரம் என்று உனக்கே தெரியும்.

போன கிழமை நீ எடுத்த அழைப்பிலிருந்து இந்தக் கோபம் தொடங்குகிறது. படிக்கிறவர்களுக்கும் விளங்க வேண்டும் என்பதற்காக அதை அப்படியே எழுதுகிறேன். நீ கேட்டாய், "அப்பா, அம்மாட மூண்டு மாசத் தானம் எண்டைக்கு?" நான் கேட்டேன், "ஏன், உனக்குத் தெரியாதோ?" நீ சொன்னாய், "தெரியும். அதுதான் பிரச்சினை. அந்தக் கிழமை நான் ஒரு ரிட்ரீட்டுக்கு புக் பண்ணிட்டன். கண்டிக்கு மேல, மலையில. பத்து நாள் மௌனம். போகேக்க போனை வாங்கிப் பூட்டி வச்சிடுவாங்கள். ஏழாம் நாள் நடந்ததுக்குப் பிறகுதான் யோசிச்சு இந்த முடிவு எடுத்தனான். நீங்க சந்தோசப்படுவீங்கள் எண்டு நினைச்சன்." நான் சொன்னேன், "போனைப் பூட்டுறதுக்கு மலை ஏற வேணுமோ? இங்க அம்மாட அலுமாரி சும்மாதான் கிடக்கு. திறப்பும் என்னட்டதான் இருக்கு." நீ ஒரு பெருமூச்சு விட்டாய். "உங்களுக்கு இது விளங்காது அப்பா. இது ஒரு ப்ராக்டிஸ். வேணுமெண்டா போக முன்னம் ஒரு வீடியோ எடுத்து அனுப்பிவிடுறன். தானத்தில டீவியில போட்டுக் காட்டுங்கோ."

அம்மாவின் நினைவில் பிக்குமாருக்குச் சோறு கொடுக்கிற தானத்துக்கு வீடியோ. பிக்குமார் சாப்பிட்டுவிட்டு வெற்றிலைத் தட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது நான் டீவியைப் போட்டு, இதோ மகன் வந்துவிட்டான் என்று சொல்ல வேண்டும். நான் அழைப்பைத் துண்டித்தேன். தொடர்ந்திருந்தால் உன் அம்மா உயிரோடு இருந்த காலத்தில் இந்த வீட்டில் ஒருபோதும் கேட்டிராத வார்த்தைகள் என் வாயிலிருந்து வந்திருக்கும்.

ஏழாம் நாள் நடந்ததை நீ "நடந்தது" என்று ஒரு சொல்லில் முடித்துவிட்டாய். நான் முடிக்கமாட்டேன். அன்று பிக்குமார் எங்கள் தொடர்மாடியின் லிஃப்டில் இரண்டு தடவையாக மேலே வந்தார்கள். வாசலில் அவர்களுடைய காலைக் கழுவி நீதான் துடைத்தாய். உன் வெள்ளைச் சட்டைப் பையில் அந்தச் சாமான், உன் போன், விட்டு விட்டு வெளிச்சம் போட்டுக்கொண்டிருந்ததை எல்லோரும் பார்த்தார்கள். பார்க்காத மாதிரி இருந்தார்கள். தானம் முடிந்தது. செத்துப்போன ஆளுக்குப் புண்ணியத்தைக் கொடுக்கிற நேரம் வந்தது. நான் சைவக்காரன், உன் அம்மா சிங்கள பௌத்தப் பெண், ஆனாலும் அவளோடு வாழ்ந்த காலத்தில் அவளுடைய ஆட்களின் வீடுகளில் எத்தனையோ தரம் அதைப் பார்த்திருக்கிறேன். தாம்பாளத்தில் ஒரு கோப்பை. கெண்டியிலிருந்து கோப்பைக்குள் தண்ணீர் வார்க்க வேண்டும். பிக்குமார் ஓதி முடிக்கும்வரை நூல் மாதிரி மெல்ல வார்க்க வேண்டும். கோப்பை நிறைந்து தாம்பாளத்தில் வழியும். மழைத் தண்ணீர் ஓடி ஓடிக் கடலை நிறைப்பதுபோல் இங்கே கொடுப்பது அங்கே போய்ச் சேரும் என்பது அவர்களுடைய நம்பிக்கை. உறவுக்காரர் எல்லோரும் வார்க்கிற ஆளைத் தொட்டுக்கொண்டு, தொட்டவரை மற்றவர் தொட்டுக்கொண்டு நிற்பார்கள்.

கெண்டியை நான்தான் பிடித்திருக்க வேண்டும். நீ ஒரே பிள்ளை, நீ பிடி என்று சொல்லி உன் முழங்கையில் கையை வைத்துக்கொண்டு பின்னால் இருந்தேன். என் முதுகில் உன் புஞ்சி அம்மாவின் கை. அவள் உன் அம்மாவின் தங்கை, அழுதழுது குரல் போன பெண். ஓதத் தொடங்கினார்கள். முதலில் நீ நன்றாகத்தான் வார்த்தாய். பிறகு உன் இடது கை மெல்லக் கெண்டியை விட்டு இறங்கியது. சாரத்துக்கு மேல், மடியில் வைத்து, போனைத் திறந்தாய். கண் கீழே போனது. வலது கை சரிந்தது. அது சரிந்தது என் உள்ளங்கைக்குத் தெரிந்தது தம்பி, உனக்குத்தான் தெரியவில்லை. கெண்டித் தண்ணீர் முழுவதும் ஒரே ஓட்டமாக ஓடிக் கோப்பை நிறைந்து, தாம்பாளம் நிறைந்து, பாயை நனைத்து, விரித்திருந்த வெள்ளைத் துணியை நனைத்தது. பிக்குமார் பாதிகூட ஓதி முடிக்கவில்லை. புஞ்சி அம்மா என் முதுகுக்குப் பின்னாலிருந்து, "அனே, வதுர இவரய்," என்றாள். தண்ணீர் முடிந்துவிட்டது. மிச்ச நேரம் முழுவதும் வெறும் கெண்டியைச் சரித்துப் பிடித்துக்கொண்டு நாங்கள் எல்லோரும் ஒருவரையொருவர் தொட்டபடி இருந்தோம்.

அன்று மாலை நீ சொன்னாய், "சொரி அப்பா, ஒஃபிஸ் விசயம்." அது பொய். என் கண்ணில் படலம் விழுந்திருக்கலாம், ஆனால் உன் தோளுக்கு மேலால் பார்க்க முடியாத அளவுக்கு விழவில்லை. காலையில் நீ படையலையும் வெள்ளைச் சீலை கட்டின பெண்களையும் படம் பிடித்து, அம்மாவைப் பற்றி நாலு வரி எழுதிப் போட்டிருந்தாய். ஆட்கள் அதற்கு இதயம் போட்டுக்கொண்டிருந்தார்கள். நீ அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாய். அம்மாவுக்குப் போக வேண்டிய தண்ணீர் பாயில் ஓடிக்கொண்டிருந்தபோது, அம்மா செத்ததற்கு எத்தனை பேர் இதயம் போட்டார்கள் என்று நீ எண்ணிக்கொண்டிருந்தாய்.

இப்போது நான் யார் என்று உனக்கு ஞாபகப்படுத்த வேண்டும். நீ உன்னுடைய கூட்டாளிகளிடம் என்னை "ரிடெய்லில் இருந்தவர்" என்று சொல்கிறாய் என்று கேள்விப்பட்டேன். நல்ல சொல்தான். நான் கொட்டாஞ்சேனையில் சாராயக் கடையில் நின்றவன். கம்பி வலைக்குப் பின்னால், கை போகிற அளவு ஓட்டை, அதற்குள்ளால் சல்லி உள்ளே வரும், போத்தல் வெளியே போகும். என் தலைமயிர் அங்கேதான் நரைத்தது. அதற்காக நான் வெட்கப்படவுமில்லை, இந்தக் கடிதத்தில் நெஞ்சில் அடித்து மன்னிப்புக் கேட்கப்போவதுமில்லை. நான் துளியும் குடித்ததில்லை. குடிகாரர்களை எனக்குப் பிடிக்காது. பிடிக்காத ஒன்றை வாழ்நாள் முழுவதும் பக்கத்தில் நின்று பார்த்தால் அதை நன்றாகத் தெரிந்துகொள்ளலாம். ஆள் வரும்போது அவன் கண் என் முகத்தில் படாது, என் தோளுக்குப் பின்னால் தட்டில் இருக்கும். பேசினால் பாதிதான் காதில் விழும். "ஓம் ஓம்" என்பான், எதற்கு ஓம் என்று அவனுக்கே தெரியாது. விரல் சும்மா இருக்காது. இன்று நான் காலி வீதியில் பஸ்ஸில் ஏறுகிறேன். கல்யாணம் கட்டிய பெண்கள், டை கட்டிய மனிதர், பள்ளிக்கூடப் பிள்ளைகள், எல்லோரிடமும் அதே கண், அதே ஓம், அதே விரல். அந்தக் கம்பி வலைக்குப் பின்னால் திரும்பவும் போய் நிற்கிற மாதிரி இருக்கிறது. மணம் மட்டும்தான் இல்லை.

ஒரு வித்தியாசம் உண்டு. அதில் என்னுடைய குடிகார ஆட்கள்தான் மேல். இந்த நாட்டில் போயாவுக்கு, பௌத்தர்களின் பௌர்ணமி நாளுக்கு, சாராயக் கடை பூட்டு. அரசாங்கச் சட்டம், முதலாளி நினைத்தாலும் திறக்க முடியாது. முதல் நாள் பின்னேரம் வரிசை வீதி முனைவரை போகும். இரண்டு நாளுக்குமாக வாங்கிவிட்டு, முதல் நாளே முழுவதையும் முடித்துவிடுகிறவர்கள்தான் அதிகம். ஆகவே போயா அன்று கொட்டாஞ்சேனையில் பாதி ஆம்பிளைகள் வேறு வழியில்லாமல் மனிதராக இருந்தார்கள். துறைமுகத்தில் வேலை செய்த அந்தோனியை உனக்குத் தெரியாது. மற்ற நாட்களில் வீட்டு வாசலை அடையாளம் பிடிக்கவே அவனுக்கு ஆள் துணை வேண்டும். போயா அன்று மட்டும் சேர்ட்டை மடிப்புக் கலையாமல் போட்டுக்கொண்டு, மனுசியையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு காலிமுகத்திடலுக்குப் போவான். அடுத்த நாள் வலைக்கு முன்னால் நின்று, "அண்ணே, நேத்து பிள்ளையளுக்கு இஸ்ஸோ வடை வாங்கிக் குடுத்தன். சின்னவள் கடலைப் பார்த்து என்ன கேட்டவள் தெரியுமே?" என்று சொல்வான். கத்தோலிக்கனான அந்தோனிக்குப் புத்தர் மாதம் ஒரு நாள் பெண்சாதி பிள்ளைகளைத் திருப்பிக் கொடுத்தார். உன்னுடைய கடைக்கு எந்த நாளில் பூட்டு, சொல் பார்ப்போம். போயாவில் திறந்திருக்கிறது. புத்தர் பிறந்த வெசாக் நாளிலும் திறந்திருக்கிறது. தாயின் ஏழாம் நாளில், அவளுக்குத் தண்ணீர் வார்க்கிற நேரத்தில், மடியிலேயே திறந்திருந்தது.

இதைக் கண்டுபிடித்தது நான் என்று நினைக்காதே. உன் அம்மாதான் முதலில் கண்டாள். போன வருசம் சித்திரைக்கு நீ வந்திருந்தாய். கிரிபத்தை, அந்தப் பாற்சோற்றை வெட்டி, கரண்டியில் எடுத்துக்கொண்டு உன் தட்டுக்கு மேல் பிடித்தபடி நின்றாள். நீ தட்டைப் பார்க்கவில்லை. அவள் போடவுமில்லை. "போட்டுட்டு வந்து இரன்," என்று நான் எரிந்து விழுந்தேன். "பாக்கட்டும், பிறகு போடுறன்," என்றாள். அவளுடைய தகப்பன் காலி ஊரில் குடித்துக் குடித்தே போன மனிதன். குடித்த ஆளுக்குச் சோறு போடுகிறவள் அவன் தட்டைப் பார்க்கும்வரை நிற்க வேண்டும், இல்லாவிட்டால் கையைத் தட்டிக் கொட்டிவிடுவான் என்று சின்ன வயதிலேயே பழகியவள். நீ பார்க்கவேயில்லை. அப்போது அவள் என்ன செய்தாள் என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதா? குனிந்து உன் வாயை மணந்து பார்த்தாள். இந்த வயதில் உன்னை. நீ, "என்னம்மா இது, விசரோ?" என்று தலையைப் பின்னால் இழுத்தாய். அவள் குசினிக்குள் வந்து என்னிடம் மெதுவாகச் சொன்னாள், "வாசம் இல்ல. ஆனா பீலா தமய்." மணம் இல்லை, ஆனால் குடித்துத்தான் இருக்கிறான்.

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. பஞ்சசீலத்தில் ஐந்தாவது குடியைப் பற்றியது. சாராயக் கடைக்காரனைக் கட்டிக்கொண்டு, போயாவுக்குப் போயா வெள்ளை உடுத்துப் பன்சலை விகாரையில் அந்த ஐந்தாவதையும் சேர்த்துச் சொன்ன பெண் அவள். என் சேர்ட்டுகளைத் தன்னுடைய வெள்ளைச் சீலையோடு சேர்த்து ஒருநாளும் தோய்த்ததில்லை. அதற்கு மேல் என் தொழிலைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசியதுமில்லை. அன்று குசினியில்தான் அந்த ஐந்தாவதைப் பற்றி என்னிடம் முதல் முறையாகக் கதைத்தாள். சீலத்தை அவள் 'சில்' என்பாள், மகனைப் 'புத்தா' என்பாள். "நீங்க நினைக்கிறது போல போத்தலுக்கு அந்த சில் இல்ல. போத்தல் ஒண்ணும் செய்யாது. மனுசன் அங்கயே இருக்கான், ஆனா அங்க இல்ல. அதுக்குத்தான் அந்த சில். நம்ம புத்தா இப்ப எங்க இருக்கான், சொல்லுங்க?" நான் எட்டிப் பார்த்தேன். நீ மேசையில் இருந்தாய். கிரிபத் ஆறிப்போயிருந்தது.

உடனே உன் வாயில் ஒரு பேச்சு தயாராக இருக்கும், அப்பாவும் போன் பார்க்கிறார்தானே என்று. பார்த்தேன். அம்மா போனபின் நீ வாங்கித் தந்த சாமானில், எங்கோ ஒரு நாட்டில் ஒருவன் பழைய சப்பாத்தைத் துடைத்துத் தைத்துப் புதிதாக்குகிற வீடியோவைப் பார்க்கத் தொடங்கினேன். என்னிடம் சப்பாத்தே கிடையாது, செருப்புத்தான். ஆனாலும் ஒரு சப்பாத்து முடிந்தால் அடுத்தது, அது முடிந்தால் இன்னொன்று. அடுப்பில் பருப்பு தீய்ந்து பக்கத்து வீட்டுக்காரி கதவைத் தட்டிய பிறகுதான் எழும்பினேன். என் வாழ்நாளில் குடியைத் தொடாதவன் எவனோ ஒருவனுடைய சப்பாத்தில் விழுந்து கிடந்தேன் என்று நினைத்தபோது என்மேலேயே எனக்குக் காறித் துப்ப வேண்டும்போல் இருந்தது. சாமானை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். வெளியே எடுப்பது உன் அழைப்பைப் பார்க்கவும் அந்தப் பச்சைப் புள்ளியைப் பார்க்கவும்தான். அதற்காகக் கண்டி மலைக்கு எவனும் என்னைக் கூட்டிக்கொண்டு போகவில்லை.

அந்த மலைக்கு வருகிறேன். தியானம் செய்கிறவர்களை நான் பழிக்கவில்லை. உன் அம்மா சுவரோரம் சம்மணம் போட்டு இருப்பாள், கால் மரத்தால் மாற்றிப் போடுவாள், நுளம்பு கடித்தால் ஊதித் தள்ளுவாள், அவ்வளவுதான். அவளுடைய தியானத்துக்குப் பார்வையாளர் இல்லை. உன்னுடையதைப் பார். போனிலே ஒரு தியான ஆப். காலையில் அது மணி அடிக்கிறது. நீ கண்ணை மூடுகிறாய். முடிந்ததும் ஒரு தாமரை மொட்டு விரிகிறது. ஒரு நாள் விட்டால் மொட்டு வாடிவிடுமாம். பஸ்ஸில் வரும்போது மொட்டு வாடப்போகிறது என்று பதறி, சனத்துக்கு நடுவில் நீ கண்ணை மூடிக்கொண்டு, இறங்க வேண்டிய வெள்ளவத்தையைத் தவறவிட்டு தெஹிவளையிலிருந்து பம்பலப்பிட்டிவரை போன கதையை நீயே பெருமையாகச் சொன்னாய். நான் சாராயம் விற்ற காலத்தில் இப்படி ஒரு வித்தை எந்த முதலாளிக்கும் வரவில்லை. குடியை மறக்கிற மருந்தையும் அதே போத்தலில் ஊற்றி, அதே ஓட்டைக்குள்ளால் விற்கத் தெரிந்திருந்தால் எங்கள் முதலாளி துறைமுகத்தையே வாங்கியிருப்பார். இப்போது அதற்கும் மேல் ஒரு படி, ரிட்ரீட். போகும் முன் "பத்து நாள் காணாமல் போகிறேன்" என்று எழுதிப் போடுவாய். திரும்பி வந்ததும் பனிமூட்டத்தைப் படம் போட்டு, அமைதியைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு பெரிய பந்தி எழுதுவாய். பத்து நாளில் சேர்ந்த இதயம் எல்லாவற்றையும் ஒரே இருப்பில் எண்ணி முடிப்பாய். போயாவுக்கு முதல் நாள் வரிசையில் நின்ற என்னுடைய ஆட்கள் உன்னைவிட நேர்மையானவர்கள். அவர்கள் தங்களுக்கு என்ன தேவை என்று மறைக்காமல் கேட்டார்கள்.

இந்தக் கேவலம் உன்னிடம் மட்டும் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. தேர் இழுக்கிற நாளில் காலி வீதியில் போய் நின்று பார். சாமி வரும்போது கும்பிட ஒருவருக்கும் கை இல்லை, எல்லாக் கையும் மேலே சாமானைப் பிடித்திருக்கிறது. சாமியே குனிந்து தன்னுடைய முகம் சரியாக விழுந்திருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போகலாம். வெசாக் தன்சல் பந்தலில் இலவசமாகக் கொடுக்கிற ஐஸ்கிறீமை வாங்கியவன் அதைப் படம் எடுத்து முடிப்பதற்குள் அது முழங்கைவரை ஒழுகுகிறது. ஏழாம் நாள் வந்த பிக்குமாரில் வயதில் சின்னவர் வானுக்குள் ஏறியதும் காவியை ஒதுக்கி எதை வெளியே எடுத்தார் என்றும் நான் பார்த்தேன். எல்லோரும் குடித்திருக்கிறார்கள். ஆனால் ஊர் முழுவதும் விழுந்து கிடந்தாலும் ஒரு தகப்பன் தன்னுடைய பிள்ளையைத்தான் தூக்கப் போவான்.

இனி எழுதப்போவதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அந்தோனியின் மனுசி செத்தாள். காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவள் திரும்பி வரவில்லை. சவம் எடுத்த அன்றே அவன் வலைக்கு முன்னால் வந்து நின்றான். கறுப்புப் பட்டி கையில் குத்தியிருந்தது. கண் என் முகத்தில் படவில்லை, தட்டில்தான் இருந்தது. நான் போத்தலைக் கொடுத்தேன். மறுத்திருந்தால் அடுத்த கடைக்குப் போயிருப்பான். பிறகு தினமும் வந்தான். மனுசியின் பெயரை அவன் வாயிலிருந்து நான் கேட்கவேயில்லை. அழுததாகவும் யாரும் சொல்லவில்லை. ஊர் ஆட்கள் "அந்தோனிக்குக் கல் நெஞ்சு" என்றார்கள். ஒரு போயா அன்று பகல், கடைப் பூட்டைப் பார்த்துவிட்டு வரும்படி முதலாளி அனுப்பியதால் போனேன். பூட்டிய கதவுக்கு முன்னால் படியில் அந்தோனி உட்கார்ந்திருந்தான். போயா என்பதை மறந்து வந்திருக்கிறான். முதல் நாள் வாங்கி வைக்கவுமில்லை. அவனுக்குப் போக ஒரு இடமும் இல்லை. என்னை நிமிர்ந்து பார்த்தான், அன்றுதான் அவன் கண் என் முகத்தில் பட்டது. "அண்ணே, மேரி போயிட்டாள் அண்ணே," என்றான். அன்றைக்குத்தான் செய்தி கேட்டவன் மாதிரி. வீதியில் போகிற ஆட்கள் நிற்கும்படி கத்தி அழுதான். நான் பக்கத்தில் உட்கார்ந்து அவன் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தேன். எனக்கு வேறு என்ன செய்யத் தெரியும்? கடை திறந்திருந்த நாள் எல்லாம் அவனுடைய மனுசி சாகவில்லை. பூட்டியிருந்த அன்றுதான் செத்தாள்.

நீ இன்னும் அழவில்லை தம்பி. பெட்டியை மூடும்போது நீ அழவில்லை, கனத்தை மயானத்திலும் அழவில்லை. ஏழாம் நாளும் அழவில்லை. தைரியசாலி என்று உன்னுடைய ஆட்கள் எழுதியிருந்தார்கள், அதற்கும் இதயம் விழுந்திருந்தது. உன்னைப் பார்த்து நான் இத்தனை பந்தி சீறியதும் திட்டியதும் உண்மைதான், அதில் ஒரு சொல்லையும் நான் திருப்பி எடுக்கப்போவதில்லை. ஆனால் தண்ணீர் வார்க்கும்போது உன் கண் ஏன் கீழே போனது என்று எனக்குத் தெரியும். அந்தக் கோப்பையைப் பார்த்தால் அம்மா இல்லை என்பது உனக்குத் தெரிந்துவிடும். அது தெரியவரும் நேரத்தில் உன் மடியில் ஒரு கடை திறந்திருந்தது. நீ உள்ளே போனாய். அந்தோனியும் அப்படித்தான் போனான். இப்போது மலைக்குப் போகிறேன் என்கிறாய். அங்கே உன்னைத் தெரியாத ஆட்களுக்கு நடுவில், அம்மாவைத் தெரியாத ஆட்களுக்கு நடுவில், மூச்சைப் பார்த்துக்கொண்டிருப்பாய். அது கடையின் பின்வாசல். போனைப் பூட்டிவிட்டு நீ அதற்குள்ளால்தான் நுழையப் பார்க்கிறாய்.

ரிட்ரீட்டை அடுத்த மாதம் வைத்துக்கொள். மூன்று மாதத் தானத்துக்கு வா. முதல் நாளே வந்து படு, உன்னுடைய அறையில் மின்விசிறி வேலை செய்கிறது. உன் புஞ்சி அம்மா காலியிலிருந்து வருகிறாள். அவள் உன்னைத் திட்டமாட்டாள், உன் தாயின் தங்கைதானே, சாப்பிட்டாயா என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். சாமானையும் கொண்டு வா, எனக்கு ஆட்சேபனை இல்லை, அதைப் பிடுங்கிப் பூட்டுவதற்கு நான் ஆசிரமம் நடத்தவில்லை. கெண்டியைப் புளி போட்டு மினுக்கி வைத்திருக்கிறேன். அதற்கு இரண்டு கையும் வேண்டும். பிக்குமார் ஓதத் தொடங்கும்போது மற்றதை எங்கே வைப்பது என்று நீயே முடிவு செய். மெல்ல வார். கோப்பையைப் பார்த்துக்கொண்டு வார். உனக்கு அழுகை வந்தால் கெண்டி ஆடும், தண்ணீர் கொஞ்சம் பாயில் சிந்தும், அது சிந்தட்டும். என் கை உன் முழங்கையில்தான் இருக்கும்.

அப்பா